பெடல் அண்ணனும் ஓர் இத்தாலிக்காரரும்

சிராங்கூன் ரோட்டில் நடக்கும்போதுகூடக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து நடந்த ஒரே மனிதர், இந்தத் தீவிலேயே எங்கள் பெடல் அண்ணன்தான். துவாஸில் நான் வேலை பார்த்த கிடங்கில் அவர் ஸ்டோர்கீப்பர். மார்சிலிங்கிலிருந்து தினமும் சைக்கிளில் வருவார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

கேன்டீன் வரிசையில், எங்களிலேயே பருமனான ஃபோர்க்லிஃப்ட் முத்துவின் முதுகை ஒட்டித்தான் நிற்பார்.

"ஏண்ணே இப்படி ஒட்டுறீங்க?"

"முன்னால போறவன் காத்தை வாங்கிக்குவான் தம்பி. பின்னால வர்றவனுக்குப் பாதி சக்தி மிச்சம் லா."

"இங்க ஏதுண்ணே காத்து? ஃபேனே ஓடலையே!"

"அதுக்காகப் பழக்கத்தை விட முடியுமா?"

அவர் உயிரையே வைத்திருந்தது ஓர் இத்தாலிக்காரர் மேல். ஐரோப்பாவில் மூன்று வாரம் நடக்கும் சைக்கிள் பந்தயங்களில் ஜெயித்தவர். மலை இறக்கத்தில் விழுந்து இடுப்பெலும்பு நொறுங்கியது. இனி அவ்வளவுதான் என்று உலகமே முடிவு கட்டியது. அண்ணன் மட்டும் மேசையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவர் படத்தை வைத்து, இருவருக்கும் சேர்த்தே திருநீறு பூசினார்.

எங்கள் மேனேஜர், கார் விலைக்குச் சைக்கிள் வாங்கி ஞாயிறு காலையில் மட்டும் ஓட்டுகிறவர். "அண்ணே, உங்க ஆளு ஃபினிஷ்டு. படத்துக்கு மாலை போட்டுடுங்க" என்பார். மேனேஜர் ஜோக் அல்லவா, நாங்கள் சத்தமாகவே சிரிப்போம்.

இரண்டு வருடம் கழித்து அந்த மனிதர் மறுபடி பந்தயத்துக்கு வந்தேவிட்டார். ரேஸ் கோர்ஸ் ரோட்டுச் சாப்பாட்டுக் கடையில், பெரிய திரைக்கு முன்னால் மேனேஜரின் சைக்கிள் நண்பர்களும் நாங்களும். கடைசி மலையில் இத்தாலிக்காரர் அத்தனை பேரையும் பின்னால் விட்டுவிட்டுத் தனியாக ஏறினார். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கடையே எழுந்து ஆடியது. பிரியாணித் தட்டுகளில் தாளம். மேனேஜர் நாற்காலி மேல் ஏறினார்.

"ஐ ஆல்வேஸ் பிலீவ்ட் லா! விழுந்தவன் முடிஞ்சான்னு நினைக்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன்!"

ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். அண்ணன் மூலையில் கைக்குட்டையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார். மேனேஜர் அவர் தோளைத் தட்டித் தன் போனை நீட்டினார்.

"அண்ணே, எங்க எல்லாரையும் ஒரு போட்டோ எடுங்க."

எடுத்தார்.

அடுத்த மாதம், வேலைக்கு வரும் வழியில் மழையில் சறுக்கி விழுந்து அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் கழித்து டாக்டர் கடிதத்தோடு ஆபீசுக்கு வந்தார்.

"எல்லாம் சரியாயிருச்சு சார். நாளைக்கே வர்றேன்."

"உங்க வயசுக்கு ரெஸ்ட் எடுங்கண்ணே. வேற ஆள் போட்டாச்சு."

மேனேஜருக்குப் பின்னால் சுவரில் அந்தப் போட்டோ, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அண்ணன் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து மேசையில்தான் நான் இருந்தேன். கம்ப்யூட்டரில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் உட்லண்ட்ஸில் பஸ்ஸில் போகும்போது, ஏற்றத்தில் ஒரு சைக்கிள் கண்ணில் பட்டது. முதுகில் சாப்பாடு டெலிவரிப் பை. ஒரு தோள் லேசாக இறங்கியிருந்தது. அண்ணன்! சிக்னலில் நின்ற எங்கள் பஸ்ஸைத் தாண்டி, குனிந்த தலை நிமிராமல் ஏறிக்கொண்டே போனார்.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் பயந்து நகர்ந்து உட்கார்ந்தார். அண்ணன் மேட்டைத் தாண்டி மறையும்வரை எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.