ஜோலீன் அக்காவின் முகவரிப் புத்தகத்துக்கு ஆறாவது திருத்தம்

பெல்டன், அர்கன்சா
டிசம்பர் 9

அன்புள்ள ஜோலீன் அக்காவுக்கு,

லிண்டி எழுதுவது. நானும் கேலப்பும் ஜூனியும் கைக்குழந்தையுமாக நால்வரும் நலம். நீயும் வெர்ன் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் பதினேழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறீர்கள். அக்டோபரில் நீ போட்ட கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அது முதலில் எங்கள் பழைய வீட்டுக்குப் போய், அங்கிருந்து அதற்கும் முந்தைய வீட்டுக்குப் போய், பிறகு இங்கே வந்திருக்கிறது. உன் முகவரிப் புத்தகத்தில் எங்களுக்கென்று ஒதுக்கிய பக்கம் தீர்ந்துவிட்டதாகவும், நிரந்தர முகவரி எப்போது கிடைக்கும் என்றும் கேட்டிருந்தாய். பதில் தயார். ஜனவரி இரண்டாம் தேதியிலிருந்து உன் முகவரிதான் எங்கள் முகவரி. அத்தான் போனில் சொன்ன இன்ஷூரன்ஸ் வேலையைக் கேலப் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஃபுட்பாலுக்கு முழுக்குப் போட்டாயிற்று.

ஏழு வருஷமாக இந்த முட்டைப் பந்தைக் கட்டிக்கொண்டு இவன் என்னதான் முன்னேறினான் என்று அத்தான் கேட்டாராம். முன்னேற்றம் இல்லை என்று சொல்ல முடியாது. கான்சஸில் கல்லூரி அணியின் எடுபிடி கோச்சாக, தலைமைக் கோச்சின் மாமியாரை விமான நிலையத்தில் கொண்டுவிடுவதில் ஆரம்பித்தார். டெக்சஸில் பதவியின் பெயர் தர ஆய்வாளர். நான் படித்தவள், ஏதோ ஆய்வுக்கூடம் என்று நினைத்துவிட்டேன். எதிர் அணிக்காரன் பந்தை எறிவதற்கு முன் எத்தனை தடவை விரலை நக்குகிறான் என்று வீடியோ பார்த்து எண்ணுவதுதான் வேலை. இவர் சரியாக எண்ணியதால் அந்த வருஷம் ஜெயித்தார்கள், அதனால் வேலை போயிற்று. உனக்கு இந்தத் தொழிலின் முறை தெரியாது அக்கா. தோற்றால் தலைமைக் கோச்சையும் உதவிக் கோச்சுகளையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ஜெயித்தால் தலைமைக் கோச் பெரிய இடத்துக்குப் போய்விடுவார், உதவிக் கோச்சுகளை மட்டும் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் கரோலினா, அயோவா, இப்போது பெல்டன். ஒவ்வொரு ஊரிலும் அணிக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் குழந்தையின் கழுத்துத்துணி வரைக்கும் இலவசம், ஊரை விட்டுக் கிளம்பும்போது அத்தனையையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அது அன்றிலிருந்து எதிரியின் நிறம். பள்ளியில் டீச்சர் ஆப்பிள் படத்தைக் காட்டி என்ன நிறம் என்று கேட்டதற்கு நம் ஜூனி, "அது போன வருஷக் கலர் டீச்சர், இப்ப அதைச் சொல்லக் கூடாது" என்றிருக்கிறாள். ஐந்து வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் முழுதாக அவள் இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

வேலை போன விதத்தையும் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை எங்கள் அணி நாற்பத்தைந்து பாயின்ட் வித்தியாசத்தில் தோற்றது. செவ்வாய்க்கிழமை ஜூனியை அழைத்துவரப் போனேன். பள்ளி வாசலிலேயே பிரூவிட் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தளர விடாதீங்க லிண்டி" என்கிறார். என்னாச்சு டீச்சர் என்றேன். "விமானம் அலபாமாவுக்குப் போயிருக்கே, பாக்கலையா?" அணிக்குப் படியளக்கும் மரக்கடைக்காரரின் சொந்த விமானம் அது. எங்கே பறக்கிறது என்று ஊரே செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கும். அது வெளியூர் போனால் புதுத் தலைமைக் கோச்சை அழைத்துவரப் போகிறது என்று அர்த்தம். டீச்சர் ஜூனியின் மாற்றல் படிவத்தைக்கூட நிரப்பி வைத்திருந்தார், புதிய பள்ளி என்ற இடம் மட்டும் காலி.

கேலப்போ அப்போது லூசியானாவில் ஒரு மலை போன்ற பையனை அணிக்குச் சேர்க்க அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். போன் போட்டேன். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே அந்த அம்மாவிடம் பேசுகிறார்: "பையனை என்கிட்ட ஒப்படைச்சிட்டு நிம்மதியா இருங்கம்மா. நாலு வருஷமும் நான் அங்கயேதான் இருப்பேன்."

"கேலப், வேலை போயிடுச்சுங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இவங்க கேக் வெட்டி வச்சிருக்காங்களே லிண்டி."

"சாப்பிட்டுட்டே வாங்க."

அன்று வந்தவர்தான், போதும் என்று சொல்லிவிட்டார். அத்தானின் நண்பர் ஸ்டாம்ப்ஸ் இங்கேயே ஒரு வாரம் கூட வைத்துக்கொண்டு தொழில் கற்றுக்கொடுத்தார். முதல் நாளே ஒரு அம்மாவிடம் ஆயுள் காப்பீடு எடுக்கச் சொல்லிப் போயிருக்கிறார்கள். உள்ளேயிருந்து வாட்டசாட்டமான அவர் மகன் தண்ணீர் குடிக்க வந்தானாம். இவர் பாலிசியை மடித்து வைத்துவிட்டு, தம்பி உன் ஷூ சைஸ் என்ன என்று ஆரம்பித்திருக்கிறார். ஒரு மணி நேரம். கடைசியில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களை நம்பி அனுப்புறேன் சார். எங்க அனுப்பணும்?" என்று கேட்க, ஸ்டாம்ப்ஸ்தான், "எங்ககிட்ட காலேஜ் எதுவும் இல்லையேம்மா" என்று சொல்லி அழைத்து வந்தாராம். போகப் போகப் பழகிவிடும் என்று அத்தானிடம் சொல்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது மொன்டானாவிலிருந்து டக்வொர்த் கூப்பிட்டார். கரோலினாவில் இவரோடு இருந்தவர், இப்போது மொன்டானாவில் தலைமைக் கோச், இவரை உதவிக் கோச்சாக வரச் சொன்னார். கேலப், "இல்லண்ணே, நான் வெளிய வந்துட்டேன். பொண்ணு படிப்பு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் தட்டிலிருந்த பட்டாணியில் இந்தப் பக்கம் பதினொன்று, அந்தப் பக்கம் பதினொன்று நிறுத்தினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒவ்வொன்றாகச் சாப்பிட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆகவே மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிடு. உங்கள் பள்ளியில் ஜூனியின் பெயரைக் கொடுத்துவிடு. "அந்த ஊர்ல ஃப்ரெண்ட் வச்சுக்கலாமாம்மா?" என்று அவள் கேட்டாள். தாராளமாக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தை மையால் எழுது அக்கா.

அத்தானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுக் கூரை ஒழுகாமலும் உங்கள் இடுப்பு வலிக்காமலும் இருக்கட்டும்.

உன் தங்கை,
லிண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் பொழுது விடிந்து ஒரு காரியம் நடந்துவிட்டது. கேலப் ஸ்டாம்ப்ஸின் ஆபீசுக்குப் போகச் சாம்பல் நிற டை கட்டிக்கொண்டு நின்றார். ஜூனி கேட்டாள்: "இது எந்த டீம் கலர்ப்பா?"

"இது எந்த டீமும் இல்லடா."

"அப்போ நாம யார் பக்கம்?"

அவர் டையை அவிழ்த்துப் பாக்கெட்டில் திணித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் டக்வொர்த்தைக் கூப்பிட்டேன். கேலப் மனசு மாறிட்டாரா என்றார். அவருக்கு இன்னும் தெரியாது, சாயங்காலம் சொல்லிவிடுகிறேன் என்றேன். எத்தனை வருஷம் இருக்கலாம் என்று கேட்டேன். நேர்மையான மனிதர். "ஜெயிச்சா ரெண்டு வருஷம்மா, தோத்தாலும் ரெண்டு" என்றார். ஒரு ஃப்ரெண்டுக்கு இரண்டு வருஷம் போதும் என்று ஜூனி சொல்கிறாள். நிறம் ஆரஞ்சு.

மாடி அறை அப்படியே இருக்கட்டும். மொன்டானா முகவரி கவரின் பின்பக்கம். பென்சிலில் எழுது.