அங்கேயர்

ஆங்கிலேயர் போய் ஏழெட்டு வருஷம் ஆகிறது. போனவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர்கள் காலி செய்த இடத்தில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்ட இன்னொரு கூட்டம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. இந்தக் கூட்டத்துக்கு அங்கேயர் என்று பெயர். வைத்தவன் நான்தான். பெயர்க் காரணம் வேண்டுமென்றால், அவர்களில் ஒருவரிடம் போய் "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"அங்கே இருந்தவரைக்கும் சௌக்கியம்" என்பார்.

தீர்ந்தது. மாட்டிக்கொண்டீர்கள்.

கோடைக்கு எங்கேயோ போய்ப் பத்து நாள் காலை நீட்டிப் படுத்துவிட்டு, ஊர் திரும்பி, பெட்டியை இறக்கிவைத்த இடத்திலேயே அவிழ்க்காமல் விட்டுவிட்டு, பிறந்ததிலிருந்து குடித்த கிணற்றுத் தண்ணீரை முகர்ந்து பார்த்து, கலியாணமானதிலிருந்து சாப்பிட்ட ரசத்தை ஒரு வாய் வைத்து மூடிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விடுகிற பிராணி எதுவோ அதுதான் அங்கேயர். உடம்பு ரயிலில் வந்துவிடும். உயிர் பின்னால் கூட்ஸ் வண்டியில் வரும். எப்போது வந்து சேரும் என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரியாது. வெள்ளைக்காரனும் வெயில் வந்தால் மலை ஏறியவன்தானே என்று கேட்பீர்கள். ஏறினான். ஆனால் இறங்கி வந்து நம் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னானா? நம்மை என்னென்னவோ பாடுபடுத்தியவன் அந்த ஒரு கொடுமையை மட்டும் செய்யாமல் விட்டான்.

அங்கேயர் ஆவதற்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. எங்கள் தெரு அருணகிரி ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. மாமல்லபுரத்தில் சகலை வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தான். எங்கள் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறினால், திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் டீ குடிக்கிற நேரத்தையும் சேர்த்து, ஒரு குட்டித் தூக்கம் போடலாம், அவ்வளவுதான் தூரம். வந்தவன் என்ன சொல்கிறான் தெரியுமா?

"அங்க அடிக்கிறதுக்குப் பேருதான் சார் காத்து. இங்க அடிக்கிறது இன்னா காத்து? பக்கத்துல நின்னுகினு எவனோ ஊதுற மாதிரி கீது."

மேஜையில் காகிதங்களின் மேல் ஒரு பெரிய சிப்பியை வைத்திருக்கிறான். அந்த அறையில் விசிறி இல்லை, ஜன்னல் ஒன்றுதான், அதுவும் திறக்க வராது. காகிதம் எங்கே பறக்கப் போகிறது? வருகிற கட்சிக்காரன் எவனாவது "இது ஏது சிப்பி?" என்று கேட்க வேண்டும், அதற்குத்தான். கேட்டவன் தன் வழக்கை மறந்துவிட்டுக் கடலைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறான்.

ஆனால் அருணகிரிக்கு வந்தது வெறும் ஜலதோஷம். பெரிய காய்ச்சல் வந்தது சௌகத் அலி பாய்க்கு.

ரயிலடிப் பக்கம் எனக்கு ஒரு கடிகார ரிப்பேர்க் கடை. அடுத்த கடை பாயின் சோடாக்கடை. பின்கட்டில் குடியிருப்பு, நடுவில் ஒரு படுதா. பச்சைக் கண்ணாடி பாட்டில், கழுத்தில் கோலி, பட்டணத்திலிருந்து மரத்தூளில் சுற்றி ரயிலில் வருகிற ஐஸ், அதற்கடியில் பாட்டில்களைப் புதைத்து வைத்து எடுத்துக் கொடுப்பார். ஒரு வாய் குடித்தால் மூக்கில் ஏறும். நல்ல சரக்கு, நான் பொய் சொல்லவில்லை. சித்திரை, வைகாசி, ஆனி, இந்த மூன்று மாத வெயில்தான் மிச்ச ஒன்பது மாதத்துக்கும் அந்த வீட்டுக்குக் கஞ்சி. ஆடிக் காற்று அடித்துவிட்டால் சோடாவை யார் சீந்துவார்கள்?

அப்பேர்ப்பட்டவர் நடுச் சித்திரையில் கடையை வேலையாள் மைதீனிடம் விட்டுவிட்டுக் குன்னூருக்குப் போனார். போகாமல் இருக்க முடியாது. பாயின் மனைவி ஷஹர்பானுவின் அண்ணன் அமானுல்லா அங்கே டீக்கடை வைத்திருக்கிறார். அவர் மகள் ஷாஜாதிக்குக் கலியாணம். கலியாணம் முடிந்த கையோடு புருஷனும் பெண்டாட்டியும் திரும்பியிருக்க வேண்டும். பாய்க்குக் குளிர் பிடித்துப்போயிற்று. மச்சான் வீட்டில் கம்பளிக்குள் புகுந்தவர், வைகாசி பிறந்த பிறகுதான் வெளியே வந்தார்.

அக்கினி நட்சத்திரம் தார் ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பகலில் வண்டியை விட்டு இறங்கினார். கழுத்தில் மப்ளர். கழற்றவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே என் கடைக்குள் வந்து, சுவரில் தொங்குகிற கடிகாரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இந்நேரம் அங்க பனி எறங்கிக்கினு இருக்கும்" என்றார். ரிப்பேருக்கு வந்த கடிகாரங்கள், ஒன்று காட்டுகிற மணியை இன்னொன்று காட்டாது. அடுத்ததைப் பார்த்தார், மறுபடியும் பனி இறங்கிற்று. ஒரே சாயங்காலத்தில் குன்னூரில் பத்துத் தடவை பனி இறங்கியதை நான் பொறுத்துக்கொண்டேன். நான் அவர் வாடிக்கைக்காரன் இல்லை, அண்டைக் கடைக்காரன். எனக்கு வேறு வழி இல்லை. வாடிக்கைக்காரர்களுக்கு வழி இருந்தது.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானதாஸ் ஒருநாள் உச்சி வெயிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து நின்றார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாய், ஒரு கோலி ஒடைங்க."

பாய் ஐஸுக்கடியிலிருந்து பாட்டிலை எடுத்தார், துடைத்தார், மரக்கட்டையை அதன் வாயில் பொருத்தினார். ஒரு அமுக்கு அமுக்கினால் கோலி உள்ளே போய்விடும். அமுக்கவில்லை.

"இன்னா வாத்தியாரே, இப்பிடி ஊத்துது வேர்வை?"

"வெயில் பாய்."

"அங்கல்லாம் வேர்வைன்னா இன்னான்னே தெரியாது. என் மச்சான் தோள்ல துண்டே போடுறதில்ல. எதுக்குத் தொடைக்கணும்?"

"சரி பாய். ஒடைங்க."

"ஒடைக்கிறேன். இதுல இன்னா கீது சொல்லுங்க, காத்தும் தண்ணியும். அங்க தண்ணி தானாவே ஜில்லுன்னு கீது. காத்தும் தானாவே ஜில்லுன்னு கீது. ரெண்டையும் பாட்டில்ல போட்டு அடைச்சு விக்கிறது நம்ம ஊரு பேஜாரு. அங்க சோடாக்கடை வெச்சா ஈ கூட வராது."

"மொதல்ல ஒடைங்க பாய், குடிச்சிக்கினே கேக்குறேன்."

"அவசரப்படாதீங்க வாத்தியாரே. அங்கல்லாம் யாருக்கும் அவசரமே கெடையாது."

வாத்தியார் பாட்டிலைப் பார்த்தார், கோலியைப் பார்த்தார், எச்சில் விழுங்கப் பார்த்தார், எச்சிலும் இல்லை. சைக்கிளை நிமிர்த்திக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனார். அங்கே புளிய மரத்தடியில் எல்லப்பன் மோர்ப் பானை வைத்திருக்கிறான். எல்லப்பன் எங்கேயும் போனதில்லை. கேட்டால் கேட்ட உடனே ஊற்றுவான்.

இப்படி ஒருவரா, இருவரா? மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள், ரயிலுக்குப் போகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், எல்லோரும் எல்லப்பன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். யாருக்கும் பாய்மேல் கோபம் இல்லை, தாகம்தான். இங்கே பெட்டி பெட்டியாகச் சோடா நின்றது. ஐஸ் கரைந்து, மரத்தூளையும் அள்ளிக்கொண்டு, என் கடை வாசலுக்கு ஓடி வந்தது. மைதீன் ஈரச் சாக்கை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தான். பாய் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. ஐஸ் ஓடுகிற ஓட்டத்தைக்கூட "அங்க ஓடை இப்பிடித்தான் ஓடும்" என்று காட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நல்ல கடிகாரத்தின் முள்ளை உடைத்துவிட்டேன்.

படுதாவுக்குப் பின்னாலிருந்து ஷஹர்பானுவின் குரல் கேட்டது.

"அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா? வைகாசி பாதி போயிடுச்சி. இந்தச் சீசனு போச்சின்னா மைதீனை வூட்டுக்கு அனுப்பிட்டு சோடா மிசினை விக்க வேண்டியதுதான். அப்பறம் நாங்க இன்னாத்த சாப்புடறது, அங்க அடிக்கிற பனியையா?"

"சொன்னேம்மா. நான் சொல்றப்பவும் அவர் பனியைத்தான் பாத்துகினு இருக்காரு."

"எங்கண்ணனை வரச் சொல்றேன். வியாபாரம் தெரிஞ்சவரு. அவரு பேச்சுன்னா இவரு கேப்பாரு."

அமானுல்லா வந்தார். புத்தி சொல்ல வந்த மனுஷர், வந்ததும் வராததுமாக ஒரு கோலி சோடாவை வாங்கிக் குடித்தார். கண்ணை மூடினார். ஏப்பம் விட்டார். இன்னொன்று கேட்டார். ராத்திரி மொட்டை மாடியில் வெறும் பாயில் படுத்தார். மறுநாள் மைதீன் அவரை மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போய்க் கடல் தண்ணீரில் நிற்க வைத்து, நுங்கு வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்தான். அதற்கு மறுநாள் காலையில் கடை பெஞ்சில் உட்கார்ந்து, தங்கை சொல்லி அனுப்பிய புத்தியைச் சொல்ல ஆரம்பித்தார்.

"மச்சான், அங்க இன்னா கீதுன்னு இந்தக் குதி குதிக்கிற? அங்க நனைஞ்ச துணி நாலு நாளானாலும் காயாது. செருப்புல பூஞ்சை பூக்குது. வருசம் பூரா கம்பளிக்குள்ளயே கெடக்கணும். முந்தாநாளு வெறும் ஒடம்போட மாடில படுத்தேன், தெரியுமா? அப்பிடி ஒரு தூக்கம் தூங்கி எத்தினி வருசமாச்சி."

"மச்சான், நீ தெரியாம பேசுற. ஒங்கூர் டீ மாதிரி வருமா?"

"டீ எதுக்குக் குடிக்கிறான்? குளிருக்குப் பயந்துகினு குடிக்கிறான். அது ஒரு குடியா? சோடா குடிக்கிறவன்தான் ஆசைப்பட்டுக் குடிக்கிறான்."

சண்டை பிடித்துக்கொண்டது. இந்த வேடிக்கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டீக்கடைக்காரர் சோடாவுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார். சோடாக்கடைக்காரர் டீக்காக மார்தட்டுகிறார். முதலில் நாலு பேர் நின்றார்கள், பிறகு நாற்பது பேர். நின்றவர்களுக்குத் தாகம் எடுத்தது. பாய்க்கு வாதாடுவதிலேயே இரண்டு கையும் போய்விட்டதால், மைதீன் புகுந்து டொப் டொப்பென்று கோலியை அமுக்கித் தள்ளினான். எல்லப்பன்கூடப் பானையை மூடிவிட்டு வந்து ஒரு சோடா வாங்கிக்கொண்டு கேட்டான். அமானுல்லா இருந்த அத்தனை நாளும் ஐஸ் என் வாசலுக்கு வரவில்லை. படுதாவுக்குப் பின்னால் மிஷின் சுற்றுகிற சத்தம் ராகம் போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அவர் ஊருக்குக் கிளம்பினார். கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு போனார். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

ஒரு வாரம் ஆகவில்லை, குன்னூரிலிருந்து ஷஹர்பானுவின் அண்ணி பதருன்னிசா ஒரு கார்டு போட்டுவிட்டாள். உங்கள் அண்ணன் அங்கே வந்து போனதிலிருந்து சரியாக இல்லை, குளிரில் நடுங்கிக்கொண்டு டீ கேட்டு வருகிறவனிடம் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே 'அங்கே எல்லாம் டீயைத் தொடமாட்டான், அங்கே வெயிலுன்னா வெயிலு' என்று ஆரம்பித்து, டீ ஆறிப் பச்சைத் தண்ணியான பிறகு கொடுக்கிறார், கடைக்கு ஆள் வருவதில்லை, உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் கேட்பார், அவரைக் கொஞ்சம் அனுப்பி வையுங்கள், என்று எழுதியிருந்தாள்.

கார்டைப் படித்து முடிப்பதற்குள் பாய் மப்ளரைச் சுற்றிக்கொண்டுவிட்டார்.

நான் பதறிப்போனேன். படுதாப் பக்கம் போய், "என்னம்மா இது? போனா திரும்பி வருவாரே. வந்தா மறுபடியும் மொதல்லேருந்து கேக்கணுமே" என்றேன்.

"போவட்டும்ண்ணே. ஆடி பொறந்தப்பறம் வந்தா போதும்னு சொல்லி அனுப்புறேன்" என்றாள் ஷஹர்பானு. "அங்க போயிட்டா அவருக்கு நம்ம செங்கல்பட்டு 'அங்கே' ஆயிடும். நம்ம சோடாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லுவாரு. இங்க மைதீன் பாத்துக்குவான். அவனுக்குக் கோலி அமுக்கத்தான் தெரியும், பேசத் தெரியாது."

"அதுசரி, உங்க அண்ணி கடை என்ன ஆகும்? ஒருத்தரையே தாங்க முடியாமத்தானே எழுதியிருக்காங்க."

உள்ளே காலிப் பாட்டில்களை அடுக்குகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"அண்ணி கேட்டாங்க, அனுப்புறேன். நான் இன்னாண்ணே பண்றது?"

சௌகத் அலி பாய் இப்போது குன்னூரில் இருக்கிறார். ஒரு வைத்தியரைக் கேட்ட பதருன்னிசாவுக்கு இன்னொரு நோயாளி கிடைத்திருக்கிறார். மச்சான்கள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து, வெயிலைப் பற்றியும் நுங்கைப் பற்றியும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குகிறார்களாம். டீத்தூள் டப்பா திறந்து பல நாள் ஆகிறதாம். இங்கே சோடாக்கடையில் நிற்க இடம் இல்லை. அந்த வீட்டுக்கு இந்த வருஷக் கஞ்சி தப்பியது. எந்த வீட்டுக் கஞ்சி போயிற்று என்று நான் கேட்கவில்லை, ஷஹர்பானுவும் சொல்லவில்லை.

ஆங்கிலேயரை 'வெளியேறு' என்றோம். தகராறு பண்ணினாலும் கடைசியில் போனார்கள். அங்கேயரை அப்படிச் சொல்ல வழி உண்டா? வெளியேறு என்றால் சந்தோஷமாகப் போவார்கள். போனால்தானே திரும்பி வருவார்கள்.

போகட்டும். உங்கள் பெட்டியை அவிழ்த்தாகிவிட்டதா? கூடத்து மூலையில் இன்னும் அப்படியேதான் இருக்கிறதா? 'இந்த பாய் என்ன பிரமாதம், நாங்கள் அங்கே போயிருந்தபோது இவரைவிடப் பெரிய ஆள் ஒருவரைப் பார்த்தோம்' என்று இப்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்கள், இல்லையா? எடுத்த வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிரே ஒருவர் வெகு நேரமாக நாக்கு வறண்டு நின்றுகொண்டிருக்கிறார். முதலில் கோலியை அமுக்குங்கள்.