ராஜகுரு நின்ற இடம்

சபை மண்டபத்தில் காலையிலேயே எள் போட்டால் விழாத கூட்டம். எல்லாம் பக்திதான். உள்ளே மின்விசிறி இருப்பதும் ஒரு காரணம்.

ராஜாவின் ஆணையை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். பீடத்திலிருக்கும் மகுடத்தைத் தூக்கிக் காட்டினால் போதும். கடவுள் தேர்ந்தெடுத்தவர் கைக்குத்தான் அது வரும். ராஜகுரு கண்மூடிப் பிரார்த்திப்பார். ராஜா ஒற்றைக் கையால் தூக்குவார். எதிராளிக்கும் அதே பிரார்த்தனைதான், மகுடம் அசையாது. ஊரின் மல்யுத்த வீரரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். இவ்வளவு நியாயமான நீதிமன்றம் வேறெங்கே உண்டு?

அன்று வந்தவள் ஒரு தையற்காரி. அவள் கடையை இடித்து அரண்மனைக் குதிரைகளுக்குக் கொட்டகை கட்ட ஆணை.

"ஏம்மா, குதிரையோட மல்லுக்கு நிக்கலாமா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

"குதிரை கேக்கலையே அண்ணே. கேட்டிருந்தா பேசித் தீர்த்திருப்பேன்."

ராஜா தூக்கினார். கைதட்டல். அவள் முக்கி முக்கித் தூக்கிப் பார்த்தாள். மகுடம் கண்டுகொள்ளவே இல்லை.

"சாமி, ராஜாவுக்கு வேண்டுறப்ப ஓரடி முன்னால வந்தீங்க. எனக்கு மட்டும் பின்னால போயிட்டீங்களே. இந்தப் பக்கம் நின்னு அவருக்கு வேண்டுங்க, பாப்போம்."

குருவுக்கு வியர்த்தது. "அது புனிதமான இடம்மா. அங்கேருந்து சொன்னாத்தான்..."

"ஏன், இந்தப் பக்கம் கடவுளுக்குக் காது மந்தமா?"

"அபச்சாரம்!" என்று கூட்டம் கத்தியது. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை.

ராஜாவுக்கு ரோஷம் வந்தது. பாவம், அவரும் மனதார நம்பியவர். "எங்க நின்னா என்ன குருவே? கடவுள் என் பக்கம்தானே? தள்ளி நில்லுங்க!"

குரு தள்ளி நின்றார். பிரார்த்தனை தந்தியடித்தது. ராஜா இழுத்தார். இரண்டு கையாலும் இழுத்தார். பீடத்தில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். முன்பின் பழக்கமே இல்லாததுபோல் மகுடம் உட்கார்ந்திருந்தது.

தையற்காரி நேரே போய், குரு வழக்கமாக நிற்கும் கம்பளத்தை மிதித்தாள். 'டக்'. ராஜா மகுடத்தோடு மல்லாந்து விழுந்தார்.

கம்பளத்தைப் புரட்டினாள். அடியில் ஒரு மிதிகட்டை; அதிலிருந்து பீடத்துக்குள் ஒரு கம்பி; கம்பி நுனியில், மகுடத்தைப் பிடித்திருந்த கொக்கி. குரு வாசலைத் தேடினார். ராஜா படுத்தபடியே ஆணையை வாபஸ் வாங்கினார்.

இனி ஜனங்கள் தெளிந்துவிடுவார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"இவங்க மிதிச்சதும் மகுடம் எழுந்துச்சு! இவங்கதான் அசல் மகாராணி!" மண்டபமே மண்டியிட்டது.

தையற்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "மிதிச்சது என் செருப்புய்யா. அதுக்குச் சூட்டுங்க மகுடத்தை! விழுறதுக்கு இன்னொரு கால் தேடுற நேரத்துல கொஞ்சம் யோசிங்க: என் கடையை இடிக்கச் சொன்னது கடவுளா, கொக்கியா?"