டென்மார்க்காரர் சொல்லாதது

வேலை பிடிக்கவில்லை என்பதை ஒன்பது வருடங்களாக யாரிடமும் சொல்லாதவன் நான். பிறகு ஒரே மத்தியானத்தில், நூறு பேர் முன்னால், மைக் பிடித்து, இன்னொருவர் பெயரில் சொன்னேன்.

காட்டுப்பள்ளியில் கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். எங்கள் தலைமை இன்ஜினியர் நீல்ஸ், டென்மார்க்காரர். ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு ஊரில் ரொட்டிக்கடை வைக்கப் போவதாக அறிவித்தார். (திருவொற்றியூரில் நான் இப்படிச் சொல்லியிருந்தால் மந்திரிக்கக் கூட்டிப்போயிருப்பார்கள்.)

கேன்டீனில் பிரிவு உபசார விழா. அவர் பேச்சை மொழிபெயர்க்க என்னை மேடையேற்றினார்கள். எனக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்ற வதந்தியைப் பரப்பியவனே நான்தான்.

முதல் வரி சுலபம். "முப்பது வருஷம் இன்ஜினியரா இருந்தேன். மனசுக்குச் சந்தோஷம் இல்ல" என்றேன். அடுத்து அவர் சொன்னதில் 'மார்னிங்' என்ற ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. கூட்டம் என் வாயையே பார்த்தது.

"காலையில ரெண்டு பஸ் மாறி வர்றதுக்குள்ள பாதி உசிரு போயிடுது!"

கைதட்டல். கீழே இருந்து வெல்டர் கபீர் பாய், "இன்னாபா, வெள்ளக்காரரும் பஸ்லயா தொங்கிகினு வர்றாரு?" என்றார். அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். கைதட்டல் தலைக்கேறிவிட்டது. நீல்ஸ் ஒரு வரி சொன்னால் நான் நாலு வரி சொன்னேன்.

"ரெயின்கோட் கேட்டு மூணு மாசம் ஆச்சு! சாம்பார்ல பருப்பைக் காணோம்! மேனேஜர் மூஞ்சியப் பார்த்தா சோறு எறங்கல!"

ஒரே விசில். தன் மனதை இவ்வளவு பேர் புரிந்துகொண்டார்களே என்று நீல்ஸ் கண்ணைத் துடைத்து என்னைக் கட்டிக்கொண்டார்.

மேனேஜர் மேத்தா எழுந்து மைக்கை வாங்கினார். மும்பையிலிருந்து வந்து இரண்டு மாதம். ஆங்கிலம் தவிர எதுவும் பேசிக் கேட்டதில்லை.

"நைனா, அவரு வூட்லேர்ந்து ரொட்டி எட்த்துகினு வர்றவரு. சாம்பாரே துண்ணதில்ல. என் மூஞ்சி புடிக்காதது அவருக்கா, உனுக்கா?"

பிறந்து வளர்ந்தது கொருக்குப்பேட்டையாம். மும்பைக்கு வேலைக்குத்தான் போனாராம். கேன்டீன் கூரை இடிந்து என் தலையில் விழாதா என்றிருந்தது.

மறுநாள், அவராகத் துரத்துவதற்கு முன் நாமே கொடுத்துவிடலாம் என்று ராஜினாமா கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"வேல புடிக்கலயா?"

"புடிக்கல சார்."

"எனுக்கும் மீட்டிங் மீட்டிங்னு பேஜாராதான் கீது. அதுக்கு இன்னா பண்றது? நீயும் ரொட்டி சுடப் போறியா?"

"சுடத் தெரியாது சார்."

சிரித்துவிட்டார். "அப்ப கேன்டீனப் பாத்துக்கோ. பருப்பு இல்லன்னு ஒருத்தன் சொன்னா உன்னதான் கூப்டுவேன்."

இன்றும் கேன்டீன் பொறுப்பாளர் நான்தான். வேலை பிடித்துவிட்டது. மொழிபெயர்த்த கதை வீட்டுக்கும் எட்டி, அங்கேதான் மரியாதை போய்விட்டது. போன வாரம் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்து, "கணக்குல இன்னும் கவனம் வேணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"சரிப்பா, டீச்சர் நெஜமா இன்னா சொன்னாங்க?"