பச்சை விளக்கு எரியும் வரை

"தூங்கிட்டியா மெர்வ்?"

"இல்ல. கண்ணை மூடி யோசிச்சிட்டு இருந்தேன்."

"குறட்டை விட்டுக்கிட்டா?"

மெர்வ் மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தரையில் இருந்த சார்ஜரை மிகுந்த அக்கறையோடு பார்த்தார். அதில் விரல் நீளத்தில் இரண்டு பேட்டரிகள். இரண்டுக்கும் மேலே சிவப்பு விளக்கு. கராஜின் தகரக் கூரையில் எங்கள் ஊரான வெஸ்ட்போர்ட்டின் வழக்கமான மழை பெய்துகொண்டிருந்தது.

கேட்டது அவர் மனைவி ரேலீன். அவள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. அவள் எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையின் செயலாளர். சங்கு ஒலித்தால் அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு ஓடுகிற கூட்டம் அது. போன கோடையில் யாரோ ஒருவர் வேப் என்கிற மின்சிகரெட்டின் பேட்டரியை மெத்தை மேல் சார்ஜ் போட்டுவிட்டு மீன் பிடிக்கப் போனார். திரும்பி வரும்போது மீன் இருந்தது, அவர் குடியிருந்த கேரவன் வண்டி இல்லை. அந்த அறிக்கையை டைப் அடித்தது ரேலீன்தான். டைப் அடித்த கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா?

ஆனால் தீயைவிட அவளுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. போன வருஷம் மெர்வுக்கு இதயத்தில் அடைப்பு எடுத்தார்கள். அன்றோடு சிகரெட் போனது. அதை விடுவதற்கு ஒரு கைத்தாங்கலாக டாக்டர் வேப்பை அனுமதித்தார். "வசந்தத்துல செக்கப்புக்கு வரும்போது இதுவும் இருக்கக் கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பினார். ஸ்ட்ரெச்சரில் சாம்பல் பூத்துக் கிடந்த அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க ரேலீனால் முடியாது.

விடு விடு என்று சொன்னால் மெர்வ் விடுகிற ஆள் இல்லை. அதனால் அவள் வேறு வழியில் போனாள். சட்டம் போட்டாள். வீட்டுக்குள் வேப் கூடாது. பேட்டரியைக் கராஜில், சிமென்ட் தரை மேல்தான் சார்ஜ் போட வேண்டும். பச்சை விளக்கு எரியும் வரை பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தத் தொல்லையை மெர்வ் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார், வெறுத்துப்போய்த் தூக்கி எறிந்துவிடுவார் என்பது கணக்கு.

மெர்வ் "சரி" என்றார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

காவல் இருந்தவர் தூங்கிப்போனார். தூங்குகிற காவல்காரரால் என்ன பிரயோஜனம்? ரேலீன் இன்னொரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். இப்போது பேட்டரிக்கு மெர்வ் காவல், மெர்வுக்கு ரேலீன் காவல். சும்மா எப்படி உட்காருவது என்று பிளாஸ்க்கில் டீ வந்தது. டீக்கு இஞ்சி பிஸ்கட் வந்தது. குளிருக்கு ஒரு கம்பளி வந்து இரண்டு பேர் முழங்கால்களின் மேலும் உட்கார்ந்துகொண்டது.

அதற்கு முன்பெல்லாம் சாப்பாடு முடிந்ததும் மெர்வ் முன்னறைக்கு ரக்பி பார்க்கப் போய்விடுவார். ரேலீன் சமையலறையில் ரேடியோவும் குறுக்கெழுத்துமாக உட்கார்ந்துவிடுவாள். சண்டையெல்லாம் கிடையாது. பேச ஒன்றும் மிச்சமில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள், அதைப் பற்றியும் பேசாமலே. கராஜில் பார்ப்பதற்குச் சிவப்பு விளக்கைத் தவிர வேறெதுவும் இல்லாததால் பேச வேண்டியதாகிவிட்டது.

"பெர்த்துல அவளுக்கு அந்த வெயில் ஒத்துக்குதாமா?" என்று மகளைப் பற்றிக் கேட்பார் மெர்வ்.

"நீயே போன் பண்ணிக் கேளேன்."

"நான் பண்ணினா உடனே 'அம்மாகிட்ட குடு'ங்கறா."

ரேலீன் சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருக்கும்போது பச்சை விளக்கு எரிந்துவிடும்.

இதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று மட்டும் ரேலீனை அரித்தது. ஆரம்பத்தில் ஒரு தடவை சார்ஜ் போட்டால் மூன்று நாள் தாங்கிய பேட்டரி, குளிர்காலம் பிறந்ததிலிருந்து தினமும் காலியாகிக் கிடந்தது. அப்படியென்றால் மெர்வ் அவள் கண்ணில் படாமல் ஊதித் தள்ளுகிறார். டாக்டர் சொன்ன வசந்தமோ பக்கத்தில் வந்துவிட்டது.

ஒருவேளை பேட்டரிதான் பழசோ என்ற நப்பாசையில் வேப் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் ஷார்னேவுக்குத் தலைமுடி பச்சை, பொறுமை அதிகம்.

"பழைய பேட்டரியோட மேலுறை கிழிஞ்சிருக்கா?"

"ஓரத்துல கொஞ்சம்."

"அப்ப அது வேண்டாம். இங்கயே கொண்டுவந்து குடுத்துடுங்க, குப்பையில போட்டுடாதீங்க. சாவி, சில்லறையோட சட்டைப் பையில போட்டும் எடுத்துட்டு வராதீங்க. இந்த டப்பாவுல வெச்சு எடுத்துட்டு வாங்க."

"எங்க வீட்டுக்காரர் பொழுதுக்கும் இழுக்கறார் போல. பெரிசாக் குடு. இணையத்துல ஒண்ணு பார்த்தேன், அதுல எவ்வளவு பெரிய நம்பர் போட்டிருக்கான் தெரியுமா?"

"அந்த நம்பர் பொய். இந்த அளவு பேட்டரிக்குள்ள அவ்வளவு அடங்கவே அடங்காது. கருவி இழுக்கற கரண்ட்டைத் தாங்குமான்னு முதல்ல பார்க்கணும். எவ்வளவு நேரம் வரும்ங்கறது அப்புறம்தான்." ஷார்னே இரண்டை எடுத்து வைத்தாள். "இது ஜோடி. ஒண்ணாவே போடணும், ஒண்ணாவே சார்ஜ் பண்ணணும். பிரிச்சு வேற ஒண்ணோட சேர்த்தீங்கன்னா ரெண்டுமே கெட்டுடும்."

"எங்க கல்யாணத்துல பாதிரியார்கூட இவ்வளவு சொல்லல."

ஷார்னே சிரித்துக்கொண்டே பில் போட்டாள். "மெர்வை எங்க காணவே காணோம்? அவர் இங்க வந்து ரொம்ப நாளாச்சே."

ரேலீன் மனதுக்குள் கணக்குப் போட்டாள். வேப்பில் ஊற்றுகிற திரவத்தை இங்கே வாங்கவில்லை என்றால் எங்கே வாங்குகிறார்? கள்ளத்தனமாக அடுத்த ஊரான க்ரேமௌத்தில் வாங்குகிறார். சந்தேகமே இல்லை.

புது பேட்டரியில் நிறைய அடங்கியது. அதனால் நிரம்பவும் நிறைய நேரம் பிடித்தது. மறுநாள் பார்த்தால் அதுவும் காலி.

சீக்கிரம் முடியட்டும் என்று வேகமாக ஏற்றுகிற சார்ஜர் ஒன்று வாங்கி வந்தாள். மெர்வ் அதைத் தூக்கிப் பார்த்தார். உடனே அதன் பொத்தானைத் தட்டி, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைத்தார்.

"என்ன பண்ற?"

"வேகமாப் போட்டா சூடாகும். மெதுவாப் போட்டா பேட்டரிக்கு நல்லது. உங்க படை அடிச்ச நோட்டீஸ்லதான் இருக்கு. நீ எழுதினதுதான்."

தான் எழுதியதை எதிர்த்து ரேலீன் எப்படிப் பேசுவாள்? இன்னொரு ஜோடி வாங்கினாள். இரண்டு ஜோடி இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உட்கார்ந்தால் போதும் அல்லவா? ஆனால் மறுநாளே இரண்டு ஜோடியும் காலியாக வந்து நின்றன. ஜோடியைக் கலக்கக் கூடாது என்பதால் முதலில் ஒரு ஜோடி, அது முடிந்ததும் அடுத்த ஜோடி. இரண்டாவது பிளாஸ்க் டீ போட வேண்டியதாயிற்று.

அன்று ரேலீன் வெடித்துவிட்டாள்.

"ரயில் இஞ்சின்கூட இவ்வளவு ஊதாது மெர்வ். நாளன்னிக்கு டாக்டர்கிட்ட போறோம். என்னத்தைச் சொல்லப் போற?"

மெர்வ் மீசையைத் தடவிக்கொண்டார். "அது... பார்த்துக்கலாம் ரே."

"ஒண்ணும் பார்க்க வேண்டாம். நாளையிலேர்ந்து ஷார்னேகிட்ட குடுத்துக் கடையிலயே சார்ஜ் போடச் சொல்லப் போறேன். இனிமே இங்க யாரும் உட்கார வேண்டாம்."

மெர்வின் முகம் தொங்கிப்போனது. "வேண்டாம் ரே. அது மட்டும் வேண்டாம். நானே போட்டுக்கறேன்."

முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் இப்படிக் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பழக்கம் ஒரு மனிதரை எந்த அளவுக்கு ஆட்டி வைக்கிறது பார் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்கக் குப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் மதியம் மெர்வ் புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற பௌலிங் கிளப்புக்குப் போன நேரம் பார்த்து, ரேலீன் கராஜுக்குள் புகுந்தாள். கிளப்பில் வேப் கூடாது, அதனால் அது இங்கேதான் இருக்க வேண்டும். அதையே எடுத்து ஒளித்துவிடுவது என்ற முடிவோடுதான் வந்தாள். பொடிமீன் வலையை உதறினாள். ஆணி டப்பாக்களைக் கவிழ்த்தாள். பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் கைவிட்டாள். அவருடைய மழைக் கோட்டின் பையில்கூடத் தேடினாள். சார்ஜர் இருந்தது, நேற்று நிரப்பிய பேட்டரிகளில் ஒரு ஜோடி டப்பாவில் இருந்தது. வேப் மட்டும் எங்கும் இல்லை. இவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கிறவர் திருந்துவாரா? நாற்காலியில் தளர்ந்துபோய் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வேப்பை அனுமதித்த டாக்டர் மேலேயும் கோபம் வந்தது, தன் மேலேயும் வந்தது.

அப்போது கராஜ் வாசலில் கூரியர் வேன் வந்து நின்றது. பக்கத்து வீட்டு ஹேமி. பார்சலோடு சேர்த்து ஸ்ட்ராபெரிப் புகை வாசனையையும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள். வாட்டசாட்டமான உடம்பு முழுக்க மழைத் தண்ணீர் சொட்ட, வாசலிலேயே தயங்கி நின்றான். கையில் ஒரு பேட்டரி டப்பா.

"அங்கிள் இல்லையா ஆன்ட்டி?"

"கிளப்புக்குப் போயிருக்கார். நீயாவது உண்மையைச் சொல்லு ஹேமி. அவர் வேப்பை எங்க ஒளிச்சு வெச்சிருக்கார்? உன் வேன்லயா?"

ஹேமி புரியாமல் விழித்தான். தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். அங்கிருந்து மெர்வின் வேப்பை எடுத்து நீட்டினான்.

"இதுவா? குளிர்காலம் ஆரம்பிக்கறப்பவே அங்கிள் 'நான் விட்டுட்டேன்'னு சொல்லி எனக்குக் குடுத்துட்டாரே ஆன்ட்டி. தினமும் காலையில வேலிகிட்ட வந்து காலி பேட்டரியை வாங்கிட்டு, நிரம்பினதைக் குடுப்பார். 'சார்ஜ் போடறதை மட்டும் நான்தான் பண்ணுவேன், இல்லேன்னா ரே திரும்பவும் சமையலறைக்குப் போயிடுவா'ன்னார்."