முழங்கை வரை வளையல்

மலிவு விமானத்தில் போகிறவன் சத்தமில்லாமல் போய்விட்டு வந்துவிட வேண்டும். எனக்கு அந்தப் புத்தி இருந்ததில்லை. டிக்கெட் என்ன விலைக்குக் கிடைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வேன். கேட்காதவர்களை நிறுத்தி வைத்துச் சொல்வேன். (ஸ்ரீரங்கத்தில் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கோயிலுக்குள் நுழைந்துவிடும் ஆட்கள் உண்டு. அந்தச் சாக்கிலாவது பெருமாள் தரிசனம் கிடைத்ததற்கு அவர்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.)

என் அக்கா வீட்டுக்காரர் மனோகர் அத்தான் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி. திருச்சி தில்லை நகர்வாசி. பழைய, பெரிய விமானக் கம்பெனியைத் தவிர வேறெதிலும் காலை வைக்க மாட்டார். சாப்பாடு, போர்வை, முப்பது கிலோ பெட்டி எல்லாம் டிக்கெட்டோடு சேர்ந்தே வர வேண்டும் அவருக்கு. என் விமானத்துக்கு அவர் வைத்த பெயர் ஷேர் ஆட்டோ.

"ஏன் மாப்ள, உன் ஷேர் ஆட்டோல மூச்சு விடறதுக்கும் தனியா காசு கேக்கறானா?" என்பார். குடும்பமே சிரிக்கும்.

"நான் திருச்சியில ஏறினா நேரா சிங்கப்பூர்ல இறங்குவேன் அத்தான். நீங்க ஒரு இட்லிக்காக மெட்ராஸைச் சுத்திக்கிட்டுப் போறீங்க" என்பேன் நான். அதற்கு யாரும் சிரித்ததில்லை.

சிங்கப்பூரைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தங்கை கவிதா அங்கேதான் இருக்கிறாள். கல்யாணமாகிப் பல வருஷம். இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. ஊரில் யார் வீட்டு வளைகாப்புக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாகக் கிளம்பி வந்துவிடுவாள். மூன்றாவது தடவை ஏழு மாதம் தாண்டியது. டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். அதனால் தாய் வீட்டுச் சீர் கடல் தாண்டிப் போக வேண்டியதாயிற்று.

அவள் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அம்மா, நம்ம தெற்கு வாசல் கடையில கண்ணாடி வளையல் எடுத்துக்கிட்டு வாங்க. பெரிய சைஸா எடுங்க, கையெல்லாம் வீங்கிக் கெடக்கு."

அம்மா கடையிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள். "ஒண்ணு உடைஞ்சாலும் அவ மனசு என்னென்னவோ நெனைக்கும்டா. பத்திரமா போய்ச் சேரணும்."

பத்திரம் என்றதும் அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார். "எல்லாத்தையும் என் பெட்டியில குடுத்துடுங்க அத்தை. ஷேர் ஆட்டோல போனா தூள்தான் மிஞ்சும்." எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. வளையலை நான்தான் கொண்டு போவேன், ஒரு பைசா கூட எக்ஸ்ட்ரா கட்டாமல் கொண்டு போவேன், கட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் எழுதியும் வைத்தேன். (சுமாரான மீசைதான். ஆனாலும் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.) அம்மா இரண்டு பேரையும் நம்பாமல் வளையலைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தாள்.

திருச்சி ஏர்போர்ட்டில் அம்மா, மாலதி, நான் மூவரும் வரிசையில் நின்றோம். மாலதி என் மனைவி. என்னைப் பொறுத்துக்கொள்வதில் அனுபவசாலி. பெட்டியில் அதிரசமும் முறுக்கும் அளவு பார்த்து அடைத்திருந்தேன். கைப்பையைத் தராசில் வைத்ததும்தான் வினை வந்தது.

கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். "வெயிட் ஜாஸ்தியா இருக்குங்க சார். எக்ஸ்ட்ரா கட்டிடுங்க. இல்லன்னா ஒண்ணை எடுத்துடுங்க."

எடுக்கக்கூடிய ஒன்று வளையல் டப்பாதான். அதைப் பெட்டிக்குள் திணித்தால் அத்தான் சொன்ன தூள். பணத்தைக் கட்டினால் மீசை. புத்தியுள்ள மனிதன் பணத்தைக் கட்டியிருப்பான். நான் அந்தப் பெண்ணிடம் கண்ணாடி வளையலின் மகிமை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பின்னால் வரிசை வாசல் வரை போயிற்று.

அவள் என்னை விட்டுவிட்டு மாலதியைப் பார்த்தாள். "கையில போட்டுக்கிட்டா அது லக்கேஜ் இல்லைங்க அக்கா."

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து மாலதியும் அம்மாவும் விருந்தாளிகளுக்காக எடுத்திருந்த சின்ன சைஸ் வளையல்களை மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் கை நிறைந்துவிட்டது. கவிதாவுக்கென்று எடுத்த பெரிய சைஸ் அப்படியே இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் கையைப் பார்த்தார்கள். என் கை ஒல்லியான கை. பெண் பார்க்கப் போனபோது மாமனார் அதைக் குலுக்கிவிட்டு, பையன் சாப்பிடுவானா என்று தனியாக விசாரித்திருக்கிறார்.

"மீசை வேணும்னா கையை நீட்டுங்க" என்றாள் மாலதி.

நீட்டினேன். பச்சையும் சிவப்புமாக மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏறியது. பாதுகாப்புச் சோதனையில் இரண்டு கையையும் அகல விரிக்கச் சொன்னார்கள். விரித்ததும் எழுந்த சத்தத்தில் அந்த ஹாலே திரும்பிப் பார்த்தது. சோதித்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், பிறகு மாலதியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் போகச் சொல்லிவிட்டார்.

சீட் தேர்ந்தெடுக்கவும் காசு என்பதால் (நான் கட்டுவேனா?) மூவருக்கும் மூன்று மூலையில் இடம். எனக்குப் பக்கத்தில் லால்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன், லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறவன். வெகு நேரம் என் கையையே பார்த்துவிட்டு, தணிந்த குரலில் கேட்டான்.

"அண்ணே, சமயபுரத்தாளுக்கு வேண்டுதலுங்களா?"

விளக்கம் சொல்லத் தெம்பில்லை. "ஆமாங்க" என்றேன்.

கன்னத்தில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு என் பாதுகாப்பைத் தானே எடுத்துக்கொண்டான். யார் நடந்து போனாலும், "பாத்துப் போங்க, அண்ணன் கை" என்று தடுத்தான். பசி உயிரை எடுக்க, சாண்ட்விச் வண்டி பக்கத்தில் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "அவரு விரதம்மா, எதுவும் சாப்பிட மாட்டாரு" என்று வண்டியை அனுப்பிவைத்தான். சிங்கப்பூர் வரை பட்டினி கிடந்தேன். வளையல் ஒன்றுகூட உடையவில்லை.

அத்தானின் விமானம் முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. அவரும் அக்காவும் பெட்டிக்காகக் காத்திருந்த இடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். என்னைப் பார்த்தவர் சிரித்துச் சிரித்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டார். நான்கு பக்கமும் நின்று போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். அவர் எடுத்து முடிப்பதற்குள் என் பெட்டி வந்துவிட்டது. அவர் பெட்டி வரவில்லை. பெல்ட் நின்ற பிறகும் வரவில்லை. மெட்ராஸில் விமானம் மாறிய இடத்தில் அது ஏற மறந்துவிட்டதாம். கம்பெனிக்காரர்கள் மன்னிப்புக் கேட்டு, உட்கார வைத்து, காபியும் கொடுத்தார்கள். (பெரிய கம்பெனி அல்லவா, கவனிப்பில் குறையே சொல்ல முடியாது.) பெட்டி மட்டும் வளைகாப்பு முடிந்த பிறகுதான் வரும் என்றார்கள்.

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. பாதி வளையல் அந்தப் பெட்டியில். அவருடைய பட்டு வேட்டியும் அதில்தான்.

"பெருசுன்னா இப்ப இவன் கையில இருக்கறது மட்டும்தான்" என்றாள் அம்மா. உடனே கழற்றப் பார்த்தார்கள். கை பொதபொதவென்று வீங்கியிருந்தது, ஒன்றும் அசையவில்லை. கவிதா வீட்டில் தேங்காய் எண்ணெய், சோப்பு, ஐஸ் எல்லாம் தேய்த்தும் பலனில்லை. உடைத்து எடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. அத்தான் என் கைக்கு அடியில் தலையணை வைத்து, விடிய விடிய புரண்டு படுக்கவிடாமல் காவல் இருந்தார். அவர் வாயிலிருந்து ஷேர் ஆட்டோ என்ற சொல்லே வரவில்லை.

காலையில் வீக்கம் வடிந்திருந்தது. வந்தவர்களுக்கு அம்மாவும் மாலதியும் தங்கள் கைகளிலிருந்து வளையல் எடுத்துக் கொடுத்தார்கள். அத்தான் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே நிற்கும் அதன் கரையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மாலதி என் கையில் எண்ணெய் தடவ வந்தபோது, மனையில் உட்கார்ந்திருந்த கவிதா தடுத்தாள்.

"இருங்க அண்ணி. அண்ணன் கையிலேர்ந்து நேரா என் கைக்கு வரட்டும்."

எதிரே உட்கார்ந்தேன். என் விரல் நுனியும் அவள் விரல் நுனியும் சேர்ந்திருக்க, அம்மா ஒவ்வொரு வளையலாக என் கையிலிருந்து நழுவவிட்டு அவள் கையில் ஏற்றினாள். ஒன்றும் உடையவில்லை. கவிதா அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான் அழுதேன். அன்றைக்கு அவள் கடைசி வரிசையில் இல்லை, நடுவில் இருந்தாள். அவளிடம் அந்த வளையலை முழுசாகக் கொண்டு சேர்த்தவன் நான். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஆளாக நான் என்னை உணர்ந்ததே இல்லை.

பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

போன வருஷம் அத்தானின் மகளுக்கு டெல்லியில் வளைகாப்பு. அத்தானே போன் பண்ணினார். "மாப்ள, உனக்கும் சேத்து டிக்கெட் போட்டுட்டேன். பெரிய விமானம், ஜன்னல் சீட். பெட்டியெல்லாம் தூக்கிக்கிட்டு வராதே. ரெண்டு கையை மட்டும் கொண்டா போதும்."

போனேன். முழங்கை வரை மாட்டிவிட்டார். மேலே ஏறியதும் அவர் அவ்வளவு காலம் புகழ்ந்த அந்தச் சாப்பாடு வந்தது. என்னால் கையை அசைக்க முடியவில்லை. அத்தானே மூடியைப் பிரித்து, இட்லியைச் சட்னியில் தோய்த்து எனக்கு ஊட்டிவிட்டார். முன் சீட்டிலிருந்து அக்கா திரும்பி போட்டோ எடுத்துவிட்டாள். தில்லை நகர் வீட்டு ஹாலில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் என்ன விசேஷம் என்று கேட்டால் அக்கா சொல்கிறாள்: "இவர் ஃப்ளைட்ல அவனுக்கு சாப்பாடு இலவசம்."