இரண்டாம் லெவல் தகப்பன்

குழந்தையின் நலனே தலையாயது என்று குடும்ப நீதிமன்றம் கருதியது. இதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இரும்புலியூரில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஜாகிருக்கும் இல்லை. அவரைப் பிரிந்து செம்பாக்கத்தில் தாய் வீட்டோடு இருக்கும் ஃபாயிசாவுக்கும் இல்லை. எட்டு வயது ஆஃபியாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் அவள்தான் குழந்தை.

மாதம் இரண்டு சனிக்கிழமை, மதியம் மூன்று முதல் ஐந்து வரை, மகளின் முன்னேற்றத்துக்கு எவ்விதக் குந்தகமும் இன்றித் தகப்பனார் அவளைச் சந்திக்கலாம் என்று உத்தரவானது. முதல் சனிக்கிழமை ஜாகிர் சலவைச் சட்டையும் கையில் ஒரு டப்பா பால்கோவாவுமாகப் போய் நின்றார்.

"அவளுக்கு அபாகஸ் கிளாஸ் இருக்கே," என்றாள் ஃபாயிசா, கேட்டைத் திறக்காமல்.

"எப்ப முடியும்?"

"அஞ்சு மணிக்கு."

"எப்ப ஆரம்பிக்கும்?"

"மூணு மணிக்கு. நான் ஒண்ணும் வேணும்னு வைக்கலை. மத்த நாள்ல ஹிந்தி, அரபி, கீபோர்டு, ஸ்கேட்டிங். சனிக்கிழமைதான் கொஞ்சம் சந்து கிடைச்சுது."

அவள் சொன்னது பொய்யில்லை. அந்த ஆண்டுகளில் தாம்பரத்தைச் சுற்றி அபாகஸ் படிக்காத பிள்ளை என்றால் தடுப்பூசி போடாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகத் திறந்துகொண்டிருந்தன. தங்கள் பிள்ளைகள் மணிகளைத் தள்ளிக் கணக்குப் போட வேண்டும் என்று இந்தப் பக்கம் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறதே, அது போதாதா?

ஜாகிர் நீதிமன்ற ஆலோசகர் ஞானசௌந்தரியிடம் முறையிட்டார். அந்த அம்மாள் மிக நிதானமானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கேள்வி கேட்பார்.

"அபாகஸ் குழந்தையோட நலனா, இல்லையா?"

"நலன்தான் மேடம்."

"அதை நீங்க எதிர்க்கிறீங்களா? எதிர்க்கிறீங்கன்னா எழுதிக் குடுங்க."

"ஐயையோ, இல்ல மேடம்."

"அப்பா பாக்குறதும் நலன். அபாகஸும் நலன். ரெண்டும் ஒரே நேரத்துல வந்தா அது மோதல் இல்ல மிஸ்டர் ஜாகிர், இரட்டிப்பு நலன். நீங்க கிளாஸுக்கே போய் உக்காந்துக்கலாம்."

ஜாகிரின் வக்கீல் பொன்னுரங்கம் இதைப் பெரிய வெற்றி என்றார். "எத்தனை பேருக்கு இப்படி ஆர்டர் கிடைக்கும் பாய்? போய் உக்காருங்க."

மருந்துக் கடை மாடியில் இருந்த அபாகஸ் மையத்தின் பொறுப்பாளர் ரத்தினம், உத்தரவை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கோர்ட்டு மேல மரியாதை உண்டு சார். ஆனா பேரண்ட்ஸுக்கு உள்ள அனுமதி கிடையாது. ஸ்டூடண்ட்ஸ் மட்டும்தான்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"ஸ்டூடண்டா சேருங்க. டி-ஷர்ட்டும் அபாகஸ் சட்டமும் ஃப்ரீ."

ஜாகிர் சேர்ந்தார். மஞ்சள் டி-ஷர்ட்டில் ஆகப் பெரியது பதினான்கு வயதுக்கானது. அதை எப்படியோ உள்ளே இறக்கிக்கொண்டு மகளைத் தேடி நடந்தார்.

"எங்க போறீங்க? அது மூணாவது லெவல்," என்றார் ரத்தினம். "உங்களுக்கு இன்னும் அடிப்படையே தெரியாதே. ஒண்ணாவது லெவல் இந்த ரூம்."

இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அதன் ஒரு பக்கம் ஆஃபியா விடைகளைக் கத்திச் சொன்னாள். மறுபக்கம் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து ஜாகிர் கேட்டுக்கொண்டிருந்தார். சந்திப்பு குறித்த அறிக்கையில் ஞானசௌந்தரி இவ்வாறு எழுதினார்: 'தந்தையும் மகளும் ஒரே கூரையின் கீழ், ஒரே துறையில், முழு இணக்கத்துடன் ஈடுபட்டுள்ளனர். முன்னேற்றம் திருப்திகரம்.'

ஜாகிர் அசரவில்லை. கடையில் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கண்ணை மூடி, காற்றில் விரல்களால் இல்லாத மணிகளைத் தள்ளினார். வாடிக்கையாளர்கள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். முதல் லெவல் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. ஆனால் அவர் மூன்றாவதில் நுழையும் நேரத்தில் ஆஃபியா நான்காவதற்குத் தேர்வு எழுத வேண்டும்.

வகுப்பில் எப்போதும் முதலாவதாக வரும் ஆஃபியா அந்தத் தேர்வில் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வகுப்பில் பேசக் கூடாது. ஆஃபியா வாயைத் திறந்து, புதிதாக விழுந்த பல்லின் இடத்தைக் காட்டினாள். ஜாகிர் எட்டிப் பார்த்து, ரொம்பப் பெரிய ஓட்டை என்பதுபோலக் கண்ணை விரித்தார். அவள் சிரித்தாள். சந்திப்பு என்று சொல்லத் தகுந்தது அவர்களுக்கு அந்த ஒரு நாள்தான்.

ஏனென்றால் மையம் பள்ளிக்கு எழுத, பள்ளி ஃபாயிசாவுக்கு எழுத, ஃபாயிசா நீதிமன்றத்துக்கு எழுதினாள். மகளின் முன்னேற்றத்துக்குக் குந்தகம் ஏற்பட்டிருந்தது.

"அவ வேணும்னுதான் ஃபெயில் ஆனா மேடம்," என்றார் ஜாகிர்.

"எதுக்கு?"

"எங்கூட உக்கார்றதுக்கு."

ஃபாயிசா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

ஞானசௌந்தரி எழுதிக்கொண்டார்: 'தந்தையின் அருகாமை குழந்தையின் கல்வி ஊக்கத்தைக் குறைக்கிறது.' ஆகவே தந்தை இரண்டாம் லெவலுக்குத் திரும்பி, மறு உத்தரவு வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பாஸ் ஆகக் கூடாது.

ஃபாயிசா போன பிறகு அந்த அம்மாள் ஜாகிரைத் திரும்பக் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ரெண்டாவது லெவல்ல ஜெரூஷான்னு ஒரு பொண்ணு இருந்தாளா?"

"ஆமா மேடம். எனக்குப் பக்கத்து சீட்டு."

"எப்படி இருக்கா?"

"நல்ல புள்ள. கண்ணுதான் சரியில்லை போல. போர்டைப் பாக்க மாட்டா, என் நோட்டைப் பாத்துத்தான் எழுதுவா."

ஞானசௌந்தரி பேனாவை மூடினார். "என் பொண்ணு. சனிக்கிழமை எனக்கு இங்க சிட்டிங். அவங்கப்பாவுக்கு ஷிஃப்ட்." பிறகு கோப்பைக் கட்டிக்கொண்டே, "பழைய சீட்டுலயே உக்காருங்க, என்ன?" என்றார்.

"சரி மேடம். என் பொண்ணு பக்கத்துல?"

"அங்கயும் யாராவது ஒரு அப்பா இருப்பார்."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அனகாபுத்தூரிலிருந்து வரும் அப்பாதுரை இப்போது மூன்றாம் லெவலில் ஆஃபியாவின் பெஞ்சில் உட்கார்கிறார். அவர் மகள் நான்காம் லெவல். ஐந்து மணிக்கு மருந்துக் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் இரண்டு மஞ்சள் டி-ஷர்ட்டுகளும் சந்தித்துக்கொள்ளும்.

"இன்னிக்கு ஆஃபியாவுக்கு லேசா ஜலதோஷம் பாய். மத்தபடி ஜோரா இருந்தா. உங்களுக்குக் குடுக்கச் சொல்லி ஒரு மிட்டாய் குடுத்தா," என்று அப்பாதுரை பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

ஜாகிர் வாங்கிச் சட்டைப்பையைத் தேடினார். அந்த டி-ஷர்ட்டில் பை இல்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"உங்க கேஸு எந்த நிலைமைல இருக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு ஏது பாய் கேஸு?" என்றார் அப்பாதுரை, டீயை ஆற்றிக்கொண்டே. "சம்சாரம், பொண்ணு, நான், மூணு பேரும் ஒரே வூட்டுலதான் கீறோம். பொண்ணுதான் கிளாஸு கிளாஸுன்னு ஓடிக்கினே கீறா. நாலாவது லெவலுக்குப் போய்ட்டா அவளை ஒரு தபா பாத்துடலாம்."